ரத்த சம்பந்தம்: இல்லை

டாக்டரம்மா, நீங்கள் கேட்ட கேள்வி தப்பு. தப்பான கேள்விக்கு நான் சொன்ன பதிலை எழுதி, அடியில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டீர்கள். இப்போது என் மகள் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை முகம் தெரியாதவர்களின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். இதில் என் பங்கும் இருக்கிறது. என் பங்கை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதக் கர்ப்பத்தோடு டவுனில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையாக வந்தேன். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

“சுகர் இருக்கா? பிரஷர்? வீட்ல யாருக்காச்சும் வலிப்பு? ரத்த சம்பந்தத்துல கல்யாணமா?”

“இல்ல.”

“கூட வந்திருக்கிறது யாரு?”

“அத்தை.”

மாமியார் என்று எழுதிக்கொண்டாள். எழுதியது சரிதான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலும் அவர் எனக்கு அத்தைதான். என் அப்பாவுடன் பிறந்த ஒரே தங்கை. எங்கள் பக்கத்தில் எந்த மருமகளும் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். பிறந்த அத்தையா, வந்த அத்தையா என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு ரத்த சம்பந்தம் என்றால் பங்காளி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யார் யாருக்குத் தீட்டோ அவர்கள்தான் ரத்தம். சித்தப்பா மகனைக் கட்டினால் அது ரத்தம், அது பாவம், ஊர் காறித் துப்பும். அத்தை கல்யாணமாகிப் போனதும் அவருக்கு வேறு குலதெய்வம், வேறு பங்காளி. அவர் மகன் எனக்கு முறைப்பையன். முறை வேறு, ரத்தம் வேறு. சின்ன வயதிலிருந்து எனக்கு அப்படித்தான் தெரியும். கும்பிட்டுக் கல்யாணம் பண்ணி வைத்த உறவை யாராவது வியாதிப் பட்டியலில் சேர்த்துக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அதனால்தான் இல்லை என்றேன். அத்தையும் பக்கத்தில்தான் நின்றார். அவரும் “இல்லம்மா, அதெல்லாம் இல்ல” என்றார்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ரத்தம் கம்மி என்றீர்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தீர்கள். இரண்டு மாதம் கழித்தும் ஏறவில்லை. “மாத்திரையை ஒழுங்கா போடுறியா, ஜன்னல் வழியா எறியிறியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். நான் ஒரு மாத்திரை விடாமல் விழுங்கியிருந்தேன். அந்தக் காகிதத்தில் சிவப்பணு அளவில் சின்னதாக இருக்கிறது என்று அச்சாகியிருந்தது. அதை எனக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மாத்திரையை இரண்டாக்கினீர்கள்.

மகள் பிறந்தாள். நல்ல எடை. நான்காம் மாதத்திலிருந்து நிறம் மாற ஆரம்பித்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். கறுத்த குடும்பத்தில் ஒரு வெளுத்த பிள்ளை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். “என்ன கலரு பாரேன்! குங்குமப்பூ தின்னியாடி?” என்றார்கள். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. கன்னத்தில் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. என் பிள்ளை ரத்தமில்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தோம்.

எட்டாம் மாதம் அவள் பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாள். வயிறு இடது பக்கம் கல் மாதிரி இருந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் குழந்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இந்த நாலு வருஷமாக நான் தினமும் காலையில் அவள் இமையை இழுத்துப் பார்க்கிறேன். பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் செய்கிறேன். அவளே இப்போது முகத்தை நீட்டிக் காட்டுகிறாள்.

அந்த டாக்டரும் ரத்த சம்பந்தமா என்று கேட்டார். நாங்கள் இல்லை என்றோம். அவர் அதோடு விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

“உங்க அப்பாவோட அம்மா பேரு?”

சொன்னேன்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “உங்க அம்மாவோட அம்மா பேரு?”

அவரும் அதே பெயரைச் சொன்னார்.

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். என்ன வியாதி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது என்று அந்தப் பேனாவை வைத்த விதத்தில் தெரிந்தது. இரண்டே கேள்வி, டாக்டரம்மா. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தலசீமியா என்றார். ஒரு வாரம் கழித்து எங்கள் இரண்டு பேர் ரிப்போர்ட்டும் வந்தது. உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிற பொருளைச் செய்ய ஒரு ஜீன் இருக்கிறது. அந்த ஜீன் டிஎன்ஏ என்கிற நீளமான எழுத்து வரிசையில் ஒரு துண்டு. மொத்தமே நாலு எழுத்துதான், அவைதான் மாறி மாறி வரும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பிரதியில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கிறது. ஒரே ஒரு எழுத்து. இன்னொரு பிரதி சரியாக இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் ரத்தம் கம்மி, சிவப்பணு சின்னது, அவ்வளவுதான். மகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் தப்பான பிரதியே வந்துவிட்டது.

“ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே தப்பு. ஒரே ஆள்கிட்டேருந்து வந்திருக்கு” என்றார்.

பிளஸ் டூவில் சடுதி மாற்றம் என்று படித்திருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதினேன். சடுதி என்றால் திடீரென்று. இதில் என்ன திடீர் இருக்கிறது? எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒருவர் உடம்பில் எழுத்து மாறியிருக்கிறது. அது சத்தம் போடாமல் ஒவ்வொரு வயிறாக ஏறி இறங்கி வந்திருக்கிறது. என் கல்யாணப் பந்தலில் அதுவும் இருந்தது. எங்கள் இரண்டு பேர் உடம்புக்குள்ளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பாம்பு வீட்டுக்குள் வந்தால் திடீரென்று வந்தது என்று சொல்லலாம். கட்டிய நாளிலிருந்து சுவருக்குள்ளேயே இருந்த பாம்புக்கு என்ன பெயர்?

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அந்த டாக்டர் கேட்டார். விதைநெல் வயலில் கலவன் பிடுங்குகிறேன் என்றேன். விதைக்கு விடுகிற வயலில் வேறு ரகப் பயிர் ஒன்றிரண்டு தலை நீட்டும். உயரமாக நிற்கும், அல்லது முன்னாலேயே பூக்கும். அதுதான் கலவன். அதை வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போடுவதுதான் எங்கள் எட்டுப் பெண்களின் வேலை. விட்டால் மொத்த விதையும் கெட்டுவிடும். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப உங்களுக்கு ஈசியா புரியும்மா. இதுவும் கலவன் மாதிரிதான்.”

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “கலவனை நாங்க பிடுங்கிப் போடுவோம் சார். என் பிள்ளையை என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “தப்பா சொல்லிட்டேம்மா. மன்னிச்சிடுங்க.” சொன்ன மறு நிமிஷம் மன்னிப்புக் கேட்ட அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது.

வீட்டில் வேறு கூத்து. “எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. உங்கம்மா வழியில வந்திருக்கும். அவங்க பக்கமே சோகை புடிச்ச கூட்டம்” என்றார் அத்தை.

“என் அம்மா வழியில வந்தா உங்க மகனுக்கு எப்படி அத்தை வரும்?”

“தொட்டுத்தான் வந்திருக்கும். வாழுறீங்கல்ல ரெண்டு பேரும்!”

சிரிக்கவும் முடியவில்லை. என் அப்பாவை அழைத்துப்போய் ரத்தம் எடுத்தேன். அவரிடம் இருந்தது. அத்தை ஆறு மாதம் வர மறுத்தார். ஊசிக்குப் பயம் என்றார், முழங்கால் வலி என்றார், செவ்வாய்க்கிழமை என்றார். கடைசியில் பேத்திக்கு ரத்தம் ஏற்றும் நாளில் அங்கேயே பிடித்து உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். ரிசல்ட் வந்தது, அவரிடமும் இருந்தது. மறுநாள் கொல்லையில் பாத்திரம் விளக்கும்போது, என்னைப் பார்க்காமல், “நான்தான் கொடுத்தேனா?” என்றார். ஆமாம் என்றேன். ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது வரவில்லை.

மகள் வளர்ந்தாள். ரத்தம் ஏற்றிய அன்று உதடு சிவந்து ஓடி ஆடுவாள். மூன்றாவது வாரம் படுத்துக்கொண்டே விளையாடுவாள். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் இரும்பு சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதால், இரும்பை வெளியேற்ற மாத்திரை. இரும்பு ஏறவில்லை என்று என்னைத் திட்டினீர்களே, டாக்டரம்மா, அந்த இரும்பைத்தான் என் மகளிடமிருந்து தினமும் வெளியே எடுக்கிறோம்.

ஒரு தடவை பையில் தொங்கும் ரத்தத்தைப் பார்த்துக் கேட்டாள். “இது யாரோடதும்மா?”

“யாரோ ஒரு அண்ணன் கொடுத்தது.”

“அந்த அண்ணன் முட்டை தின்னுச்சா? எனக்கு வாயெல்லாம் முட்டை வாசம் வருது.”

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாலில் ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த பிள்ளைக்கு வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “ஒண்ணு ஆயிடுச்சுல்ல. இனிமே மூணும் நல்லாப் பொறக்கும்.” என் வீட்டுக்காரரும் அதை நம்பினார். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர், என்னைவிட அதிகம் படித்தவர். நானும் உள்ளூரக் கொஞ்சம் நம்பினேன். இல்லையென்றால் இரண்டாவது கர்ப்பம் வந்திருக்காது. வந்தபின் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒவ்வொரு தடவையும் புதுசா நாலில் ஒண்ணும்மா. முன்னாடி என்ன ஆச்சுன்னு ஜீனுக்குத் தெரியாது.”

அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. நான் அழுதது அதற்குத் தெரியாது. அத்தை கோயிலுக்குக் காசு முடிந்துவைத்தது தெரியாது. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு வருஷம் ஓடியது தெரியாது.

திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றில் நீள ஊசி இறக்கி, நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசுவை எடுத்தார்கள். கலைந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்று முதலிலேயே கையெழுத்து வாங்கினார்கள். ஊசி உள்ளே போனபோது நான் திரையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஒரு கை அசைந்தது. திசுவைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்த நாட்கள் எதிரிக்கும் வரக் கூடாது. சம்பா பூக்கும் நேரம். மழை விட்டு விட்டுப் பெய்தது. வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கும் என்று வயலுக்குப் போனேன். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகியிருந்தேன்.

“என்னடி, கோழி முட்டையை அடைகாக்குற மாதிரி போனைப் புடிச்சுக்கிட்டே நிக்கிற?” என்றாள் பக்கத்து வரிசைக்காரி. அவளுக்கு விஷயம் தெரியாது. மாசமாக இருப்பதையே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் இல்லை என்றும் சொல்ல வேண்டி வருமே.

அன்று மாலை விதை அதிகாரி வந்து என் வரிசையைப் பார்த்தார். நான் மூன்று நல்ல நெற்குத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தேன். கலவன் ஒன்று எனக்கு எதிரிலேயே ஒய்யாரமாக நின்றது. “கண்ணு எங்கம்மா இருக்கு?” என்றார். பிடுங்கிய மூன்றையும் பொறுக்கித் திரும்பச் சேற்றில் ஊன்றப் பார்த்தேன்.

வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் டிராக்டரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவினார். “வர்றது வரட்டும், பாத்துக்கலாம்” என்றார்.

“என்னத்தைப் பாக்குறது? சொல்லுங்க. வந்தா வச்சுக்கிறதா, வேணாமா?”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் போனார். அத்தைதான் சொன்னார். “வச்சுக்கடி. ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்.” எனக்குக் கோபம் வந்தது. “நீங்க எத்தனை வருஷம் அத்தை இருப்பீங்க?” என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

என் பயம் என்ன என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். வியாதி இருக்கிறது என்று வந்தால், இன்னொரு பிள்ளையையும் இப்படி மூன்று வாரம் மூன்று வாரமாக வளர்க்க எனக்குத் தெம்பு இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தால், என் மகள் ஒரு நாள் பெரியவளாகி என்னைக் கேட்பாள். எனக்கு இருப்பதுதானே அதற்கும் இருந்தது, அதை வேண்டாம் என்றாயே, அப்படியென்றால் நான்? அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. ஆனால் அவள் என் வயிற்றில் காதை வைத்துப் படுக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடப் போகிறாள் என்று பயந்தேன். “பாப்பாவுக்கும் செவப்பு பை தொங்க விடுவாங்களா?” என்று மட்டும் கேட்டாள். தெரியலடி என்றேன்.

பதின்மூன்றாவது நாள் போன் அடித்தது. வயல் நடுவில் நின்றிருந்தேன். அந்தத் தஞ்சாவூர் டாக்டர்தான். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, காதுக்குள் மழை மாதிரி இரைச்சல். “ஒரு பிரதி தப்பு, ஒரு பிரதி சரி. உங்களை மாதிரிதாம்மா. வியாதி வராது” என்றார். மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் மறுபடி சொன்னார். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னேன்.

சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். தூக்குக் கயிற்றை ஒருவன் கழுத்திலிருந்து எடுத்தால் உடனே சந்தோஷம் வராது, கழுத்தைத் தடவிப் பார்க்கத்தான் தோன்றும். இப்போது ஏழாம் மாதம். ரிப்போர்ட் மாறியிருந்தால், பெயர் மாறியிருந்தால் என்று இன்னும் சில நாள் விழித்துக்கொள்கிறேன். அந்தத் தப்பான எழுத்தும் அழிந்துபோகவில்லை, இந்தப் பிள்ளையிடம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கல்யாண வயது வரும்போது நான் இருந்தால் சொல்வேன். இல்லாவிட்டால் எழுதி வைக்கிறேன்.

போன மாதம் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், டாக்டரம்மா. சண்டை போட வரவில்லை. கேள்வியை மாற்றச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் என் பழைய படிவத்தை எடுத்து வரச் சொன்னீர்கள். விரலை வைத்துக் காட்டினீர்கள்.

“இதோ பாரும்மா. ரத்த சம்பந்தம், இல்லை. நீதானே சொன்ன? உன் கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான். ஆனா என் ரத்தமும் உங்ககிட்டதான் இருந்துச்சு. அது இல்லைன்னு சொல்லலையே.”

“வெளியில அம்பது பேர் நிக்கிறாங்க. கிளம்பு” என்றீர்கள்.

வெளியே வந்தேன். அதே வாசல் மேசை. வேறொரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு புதுப்பெண், இருபது வயது இருக்கும், மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை.

“ரத்த சம்பந்தமா?”

“இல்லக்கா.”

நான் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன். “உன் வீட்டுக்காரர் உனக்கு என்ன முறை வேணும்?”

வெட்கப்பட்டுச் சிரித்தாள். “மாமாதான்க்கா. அம்மாவோட கூடப் பொறந்த தம்பி.”

மேசைப் பெண் அதற்குள் ‘இல்லை’யில் டிக் அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். நான் அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்துப்போய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், என்ன பரிசோதனை, எங்கே எடுக்க வேண்டும் என்று. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவளைப் பயமுறுத்த எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அன்று என்னை ஒருவராவது பயமுறுத்தியிருந்தால் நான் பரிசோதனை கேட்டிருப்பேன். தெரிந்திருந்தால் முதல் தடவை என்ன முடிவு எடுத்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு என்னுடையது, அதை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் அறையில் தனியாக நீங்கள் சொல்லும் பதில் எனக்கு இனி வேண்டாம். மாதம் ஒரு தடவை கர்ப்பிணிகளையும் அவர்கள் மாமியார்களையும் உங்கள் ஆஸ்பத்திரி மாடியில் உட்கார வைத்து மைக் பிடித்துப் பேசுகிறீர்கள் அல்லவா? அங்கே, அவர்கள் முன்னால் சொல்லுங்கள். அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டிக்கொண்டு, உங்கள் படிவத்தில் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்ட பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருடைய ரத்தத்தில் அணு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தும் மாத்திரையை இரண்டாக்கி அனுப்பினீர்கள்? அவர்களை எப்போது திரும்பக் கூப்பிடப் போகிறீர்கள்? நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மைக்கை அணைக்காமல் பதில் சொல்லுங்கள்.